முப்பதுக்கு முப்பது

சிலிண்டர் மாற்றணும் என்றேன் போனில்.
"கேஸா அக்கா?" என்றான் கடைப் பையன்.
பூட்டோடது என்றேன்.
அளவு கேட்டான்.
ஆணி நுழையும் ஓட்டையிலிருந்து
உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு.
முப்பதுக்கு முப்பது.
அளக்காமலே சொன்னேன்.

ஆறு வருஷத்தில் நாலு குடித்தனம்.
ஒவ்வொருவர் போனதும் மாற்றிவிடுவேன்.
யார் யாருக்கு டூப்ளிகேட் போட்டுக் கொடுத்தார்களோ,
மைத்துனன், பால்காரர்,
நிச்சயமாகி நின்றுபோன மாப்பிள்ளை.
சின்னக்கடை வீதியில் எழுபது ரூபாய் நீட்டினால்
யார் வீட்டுச் சாவியென்று கேட்க ஆளில்லை.
முதல் தடவை பூட்டுக்காரருக்கு அறுநூறு கொடுத்தேன்.
நாலு நிமிஷ வேலை.
அடுத்த தடவை ஸ்க்ரூ டிரைவரை நானே எடுத்தேன்.

டப்பாவில் ஐந்து சாவி வரும்.
மூன்றுதான் வந்தது என்று கொடுப்பது என் வழக்கம்.

போன ஞாயிறு பிரிசில்லா காலி செய்தாள்.
ரத்த வங்கியில் வேலை,
மாதத்தில் பாதி நாள் ராத்திரி ஷிஃப்ட்.
ஐந்தாம் தேதி தாண்டி வாடகை வந்ததில்லை.
சுவரில் ஒரு ஆணி அடித்ததில்லை.
பெயிண்டுக்கென்று அட்வான்ஸில் நான் பிடித்ததற்கும்
சரி ஆன்ட்டி என்றாள்.
கவரில் கரண்ட் பில் ரசீது, மூன்று சாவி.
குட்டியானை வண்டி தெருமுனை திரும்பும்வரை
பீரோக் கண்ணாடியில்
ஏற்காட்டு மலை ஆடியாடிப் போனது.

ஆணியைக் கழற்றிவிட்டு
சாவியைப் போட்டு லேசாகத் திருப்பணும்.
நடுவிலிருக்கும் நாக்கு உடம்போடு ஒட்டும்போதுதான்
சிலிண்டர் வெளியே வரும்.
நேராக நின்றாலும் வராது,
அதிகம் திரும்பினாலும் வராது.
நாக்கு அடங்க ஒரு கோணம் உண்டு.
அது கைக்குத்தான் தெரியும்.

இடுப்புக் கொத்திலிருந்த என் சாவியை நுழைத்தேன்.
பாதியில் நின்றது.
தேங்காய் எண்ணெய் தொட்டு நுழைத்தேன்.
கவரிலிருந்த சாவியோ
சத்தமில்லாமல் போனது.
உருவிப் பார்த்தால்
பித்தளை வேறு, பொறித்த எழுத்து வேறு.
நான் வாங்கியதே இல்லை.

எப்போது மாற்றினாள் என்று
யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

முந்தின வருஷம் ஆடி,
கோட்டை மாரியம்மன் பண்டிகை லீவு.
அவள் மலைக்கு அம்மாவைப் பார்க்கப் போயிருந்தாள்.
என் பாத்ரூம் கூரை சொட்டியது.
மேலே போனேன், குழாயை மூடினேன்.
ரெண்டு நிமிஷம்.
இருந்ததோ கால் மணி நேரம்.
ஃப்ரிட்ஜைத் திறந்தேன்:
அரை எலுமிச்சை, நேற்றைய ரசம்.
அலமாரியை இல்லை, அதன் கதவை மட்டும்.
பல் பிரஷ்களை எண்ணினேன்.
ஒன்றுதான் இருந்தது.
ஏமாற்றமாக இருந்தது என்பதை
இன்றைக்குத்தான் ஒத்துக்கொள்கிறேன்.
எல்லாவற்றையும் இருந்தபடி வைத்துவிட்டு
மழை வருமே என்று
திறந்திருந்த ஜன்னலை மூடிவிட்டு வந்தேன்.

மறுநாள் படியில் பார்த்தாள்.
மலையிலிருந்து கொண்டுவந்த பட்டர் ஃப்ரூட் நாலு,
"ரெண்டு நாள் அரிசிக்குள்ள வைங்க ஆன்ட்டி, பழுத்துடும்."
சிரித்தாள்.
அவ்வளவுதான் அவள் போட்ட சண்டை.

அதற்குப் பிறகு இத்தனை மாசம்
எதையும் திறக்காத சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு
வீட்டுக்காரியாக நடந்திருக்கிறேன்.

பரணைத் துடைக்கும்போது கையில் பட்டது
ஒரு பழுப்புக் கவர்.
ரத்த வங்கி முத்திரை.
பெயர் என்று ஒரு கோடு, வகை என்று ஒரு கோடு,
ரெண்டும் நிரப்பாமல்.
உள்ளே என் பழைய சிலிண்டர்,
அதற்குரிய ஆணியோடு,
துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசி.

புதனன்று புதுக் குடித்தனம் வந்தது.
தாரமங்கலத்துப் பக்கம், கைக்குழந்தை ஒன்று.
அந்தப் பெண் கேட்டாள்
"எத்தனை சாவிங்க?"
மூ என்று வாய் குவிந்துவிட்டது.
மூடிக்கொண்டு
ஐந்து என்றேன்.

கடைசிச் சாவியைக் கொடுக்கும்போது
அவள் இழுத்துத்தான் வாங்கினாள்.
அதையும் சொல்லிவிடுகிறேன்.