ஈ ஓட்டுதல்

மூன்று பருவமாக இந்த ஆற்றில்
ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.
சொல்லில் பிழையில்லை.
மதுரையில் வியாபாரம் படுத்த கடைக்காரர் செய்வதும்
டொல்கெத்லையில் முழங்கால் தண்ணீரில் நின்று
நான் செய்வதும்
ஒரே வேலைதான்.

ஆறு என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம்.
உனியோன்.
குழந்தை கல்லெறிந்தால் அக்கரை ஆட்டின் மேல் படும்.
மழையில்லாத வாரங்களில்
கூழாங்கல்லின் முதுகுகூட நனையாது.
மலையில் ஓர் இரவு கொட்ட வேண்டும்.
விடியும்போது டிகாக்‌ஷன் நிறத்தில் இரைந்து வந்து
மதியத்துக்கு மேல் வடியத் தொடங்கும்.
அந்த நாலு மணி நேரம்தான் மீனுக்குப் பாதை.
பெரும்பாலும் எனக்கு அது வேலை நாள்.

மருத்துவமனையில் எலும்புகளைப் படம் பிடிப்பவள் நான்.
ஒரு மதிய இடைவேளையில், யாருமில்லாதபோது,
தூண்டில் ஈயையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தேன்.
அணில்வால் மயிர் தெரியவில்லை.
ஆரஞ்சு நூல் தெரியவில்லை.
கறுப்புத் திரையில் வெள்ளிக் கம்பிச் சுற்று,
அதற்குள் முள்.
ஈ எங்குமே இல்லை.

அதைவிட வேடிக்கை,
ஆற்றுக்குள் வந்த சால்மன் சாப்பிடாது.
கடலில் தின்றதோடு சரி.
குடல் சுருங்கி, உடம்பெல்லாம் முட்டையாகி
பட்டினியாகவே மலையேறும்.
இல்லாத ஈயை
இல்லாத பசிக்கு நீட்டுகிறேன் என்று
தங்கையிடம் போனில் சொன்னேன்.
"அதுக்கு லைசென்ஸ் வேறயா?" என்றாள்.

செப்டம்பர், ஒரு சனிக்கிழமை.
பாலத்துக்குக் கீழே மூன்றாவது மடுவில் நிற்கிறேன்.
கரையிலிருந்து ஒரு குரலும் அதையே கேட்டது.
ஆற்றுக் காவலர் மெரெரித்.
கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
எட்டுப் பை வைத்த சட்டையில்
ஏழாவதைத் துழாவும்போது
நூல் தன்பாட்டுக்கு ஓட்டத்தில் வளைந்து போய்
நின்றது.

இழுக்கவில்லை. நின்றது.
கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ
கைப்பிடியைப் பற்றியதுபோல்.

பிறகு நடந்தது வரிசையாக நினைவில்லை.
ரீல் அலறியது. உரிமம் ஆற்றோடு போனது.
மெரெரித் என் வலையைப் பிடுங்கிக்கொண்டு
பூட்ஸ் நிரம்ப நிரம்ப இறங்கினாள்.
அவள் வெல்ஷில் கத்தினாள், நான் தமிழில்:
விடு, விடு, இப்ப இழு.

வலைக்குள் பெட்டை மீன்.
எட்டு ராத்தல் இருக்கும்.
வாலருகே கடல்பேன் இரண்டு;
உப்பை விட்டு வந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை.
தாடை மூலையில் தோடுபோல் ஈ.
தொட்டதும் கழன்றது.

இங்கே கொல்லக் கூடாது, சட்டம்.
நீரைவிட்டுத் தூக்காமல்
தலையை எதிரோட்டத்துக்குத் திருப்பி
அடிவயிற்றில் ஒரு கை, வாலடியில் ஒரு கை.
மூச்சைப் பிடியுங்கள், இப்போது விடுங்கள் என்று
நாளுக்கு நாற்பது முறை சொல்லும் வாய்
சும்மா இருந்தது.
அந்த இமையில்லாத கண் என்னைப் பார்த்ததா, தெரியாது.
நான் பார்த்தேன்.

உள்ளங்கையில் ஒரு தசை முறுக்கிக்கொண்டது.
அவ்வளவுதான்.
ஆறு மட்டும் கையில்.

"பசியில்லாமல் ஏன் கவ்வியது?"
மெரெரித் பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தாள்,
தண்ணீர் கொட்டி முடியும்வரை யோசித்தாள்.
"எரிச்சலாக இருக்கலாம்."

பிறகு, மன்னிக்கவும், எழுதித்தான் ஆக வேண்டும்,
ஏழு நாளுக்குள் நகல் காட்டினால் போதும் என்றாள்.
பெயர்?

வேலையிடத்தில் ஆங்கி.
அன்று முழுப் பெயரைச் சொன்னேன், எழுத்தெழுத்தாக.
தன் ஊர்ப் பெயரைப் பிறர் வாயில்
தினமும் நசுங்கக் கேட்பவள்,
நிதானமாக எழுதினாள்.
ஆங்கிலத்தில் பன்னிரண்டு எழுத்து.
படிவத்தில் பத்துக் கட்டம்.

அங்கயற்கண் என்பதோடு கட்டம் தீர்ந்தது.
மீதி இரண்டை எங்கே வைப்பது என்று
ஈரப் பேனாவோடு நிமிர்ந்தாள்.

விட்டுவிடுங்கள் என்றேன்.