அரைப்புள்ளி

நெற்குப்பைக் கோயில் நோட்டில்
உண்ணாமலை ஆச்சி அரைப்புள்ளி.
செட்டியார் மோல்மேனில் காய்ச்சலில் போனதும்
அப்படி மாற்றி எழுதினார்கள்.

ஆச்சிக்கும் புள்ளி எண்ணுவதுதான் வேலை.
யுத்தம். ஜப்பான் அகார் வரவில்லை.
மண்டபத்துக் கடற்பாசியைக் காய்ச்சிக்
கண்ணாடித் தட்டுகளில் ஊற்றுவார்,
இரண்டாம் கட்டில், வடகம் காய்கிற பக்கமாக.
சூட்டுப்பெட்டி கிடையாது.
குழாய்களை மடியில் கட்டிக்கொண்டு தூங்குவார்,
புரளாமல்.

நான் குப்பி கழுவுகிறவன்.
ஊருணித் தண்ணீரைச் சைக்கிளில் கொண்டுவந்ததும் நான்தான்.
மாடு இறங்குகிறதில் நாற்பது.
குடிக்கிற ஊருணியில்,
போட்ட காசு அடியில் தெரியும் அந்தத் தெளிவில்,
முந்நூற்றுப் பன்னிரண்டு.
அந்த வாரம் காலராவில் ஒன்பது பேர்.

கூட்டத்தில் தட்டைத் தூக்கிக் காட்டினார்.
"கணக்குச் சொல்ல அரைப்புள்ளியா?"
பின்னாலிருந்து ஒரு குரல்.
"நீங்களே எண்ணிப் பாருங்க" என்றார் ஆச்சி.
யாரும் எண்ணவில்லை.
விடிந்தபோது ஊருணி வாசலில்
கருவேல முள் வெட்டிப் போட்டிருந்தது.
யார் போட்டதென்று இன்றுவரை தெரியாது.

ஆச்சியின் நோட்டு என்னிடம் இருக்கிறது.
அன்றைய பக்கத்தில், தட்டின் விளிம்பு வெட்டிய ஒன்றை
முதலில் அரை என்று எழுதி,
அடித்து,
ஒன்று என்று போட்டிருக்கிறார்.