லேமினேட் செய்த சீட்டு

சிம்மக்கல் முக்கில்
நான் ஷட்டருக்குக் கை வைக்கும் நேரம் பார்த்து
வருவார் இருளப்பன்.
பரோட்டா மாஸ்டர். முழங்கை வரை மைதா.
கசங்கிய நோட்டுகளுக்கு நடுவிலிருந்து
பளபளவென்று எடுத்து வைப்பார்
ஆறு வருஷத்துக்கு முந்தைய மருந்துச் சீட்டை.

எண்ணெய் படாமல், வேர்வை இறங்காமல்
டவுன்ஹால் ரோட்டில் இருபது ரூபாய்க்கு
லேமினேட் செய்தது.
"கைராசிக்கார டாக்டருத்தா.
தொலைஞ்சா இன்னொண்ணு கெடைக்குமா?"

மெட்ஃபார்மின் ஆயிரம், காலை ஒன்று இரவு ஒன்று.
கிளிபென்கிளமைடு ஐந்து, அதே கணக்கு.
அட்டையை வெட்டிக் கவரில் போட்டு
மேலே ஒரு சூரியன், ஒரு பிறை வரைவேன்.
ஆறு வருஷமாக அதே சூரியன்.

கூடவே கேட்பார்
மாவை வீசி வீசி இற்றுப்போன வலது தோளுக்கு
"அந்த வலி மாத்திரை ரெண்டு அட்டை."
அது சீட்டில் இல்லை.
கொடுத்தேன்.
இதை விட்டுவிட்டு
மற்றதை எழுதி என்ன ஆகப்போகிறது.

மாசியில் ஒரு ராத்திரி சிரித்துக்கொண்டே வந்தார்.
"சக்கரை எறங்கிருச்சுத்தா!
எரநூறுக்குக் கொறையாத ஆளு.
இப்ப எழுவத்தாறு.
பத்தியம் கித்தியம் ஒண்ணுமில்ல
சால்னாகூட விடல."

நானும் சிரித்தேன்.
சிரித்த பிறகுதான் கண்ணில் பட்டது
செருப்பு வாரைப் பிதுக்கிக்கொண்டு
வீங்கியிருந்த புறங்கால்.

சிறுநீரகம் அசந்துவிட்டால்
போன மாத்திரை வெளியே வராது.
நேற்று விழுங்கியதன் மேல் இன்று விழுங்கியது,
பெரியார் நிலையத்தில்
கடைசி பஸ்ஸை விட்டவர்கள் மாதிரி
உள்ளேயே சுருண்டு படுத்திருக்கும்.
சர்க்கரை குறைந்தது குணமாகி அல்ல.

"கிரியேட்டினின் எப்ப பாத்தீங்க?"
"அது எந்தக் கடையிலத்தா?"

அன்றைக்கு நான் அட்டையை வெட்டவில்லை.
சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு
ரோட்டைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போனார்.
அங்கே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நாலாம் நாள்.
கல்லில் முப்பது பரோட்டா கருகிக்கொண்டிருக்க
கரண்டியைப் பிடித்தபடி நின்றாராம்.
பெயர் கேட்டால் சொல்லத் தெரியவில்லை.
உடம்பெல்லாம் வேர்வை.
குடித்திருக்கிறார் என்று
முகத்தில் தண்ணீர் அடித்திருக்கிறார்கள்.
பக்கத்து டீக்கடை நாகூர்கனிதான்
ஒரு பிடி சீனியை வாயில் வைத்தது.
"சக்கரக்காரனுக்குச் சீனியாடா?" என்று
அவர் கையைத் தட்டிவிடவும் ஆள் இருந்தது.

பெரியாஸ்பத்திரியில் இரண்டு நாள்
குளுக்கோஸ் ஏற்ற ஏற்ற
உள்ளே படுத்திருந்த மாத்திரை
இறக்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

பேச்சியம்மா சொன்னாள்:
சின்ன வயசு டாக்டர். பெண்.
பழைய சீட்டை வாங்கி
முதல் வரியை அடிக்கப் பார்த்தாள்.
பேனா வழுக்கியது.
இரண்டாவது வரி, அதுவும் வழுக்கியது.
பிளாஸ்டிக்கில் மை ஒட்டவில்லை.
"இது அப்படியே இருக்கு," என்றாளாம்.
"நீங்கதான் மாறிட்டீங்க."

இப்போதெல்லாம் வருகிறவர்களிடம் கேட்கிறேன்,
கிட்னி டெஸ்ட் எடுத்து எத்தனை நாளாச்சு?
பாதிப்பேர் முதலாளியைத் தேடுகிறார்கள்.
சிலர் பேசாமல் ரோட்டைத் தாண்டுகிறார்கள்.
முதலாளி நேற்றுக் கணக்கு நோட்டைப் புரட்டியபடி
என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

இருளப்பன் பங்குனி கடைசியில் வந்தார்.
இளைத்திருந்தார்.
நாலாக மடித்த சாதாரணத் தாள்.
ஒரு மூலையில் எண்ணெய் பட்டு
கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது.
ஒரே ஒரு சின்ன மாத்திரை, காலையில்.
ஊசி, முன்பு யாருக்கும் எழுதாத அளவில் கொஞ்சம்.
தோளுக்கு, வெறும் தைலம்.

"இதுக்கு ஒறை போடலத்தா.
மூணு மாசந்தான் செல்லுமாம்."

பழைய சீட்டு எங்கே என்றேன்.

"அதுவா?
பலகையில ஒட்டுன மாவ வழிக்கிறதுக்கு
அம்சமா இருக்கு."