ஒன்றுக்கு இருநூறு

சமவுயரக் கோடுகள் எங்கே என்று
மேற்பார்வையாளர் கேட்டு எழுதியிருந்தார்.
நில அளவைப் படத்தில் தேடித்தேடிப் பார்த்தேன்.
கடலுக்கு மேல் ஒன்றரை மீற்றர்.
குறிகட்டுவானில் அவ்வளவுதான் மலை.
இருநூறால் பிரித்தால் ஏழரை மில்லிமீற்றர்,
மூன்று மட்டை ஒட்டினால் முடிந்தது.
பிறிட்ஜ் வந்த பெட்டி,
கொக்குவில் கடைக்காரர் சும்மா தந்தது.

கடலுக்கு நீலம் பூசவில்லை.
ஆழமில்லாத கடல் எங்களுடையது,
சாம்பல் மட்டையில்
மணல்தாளால் இரண்டு இழுவை.
படகு வரும் வழி மட்டும் கொஞ்சம் கறுப்பு.

கூரைக்கு ஐஸ்கிறீம் குச்சி,
அக்கா தன் பாலர் வகுப்பில் சேர்த்தது,
நூற்றுப் பதினாறு.
சிலதில் இன்னும் ரோஸ் நிறம்.

மனிதர்கள் எட்டரை மில்லிமீற்றர்.
வெள்ளைத்தாளில் வெட்டி
நாற்பது பேரைக் காத்திருக்க வைத்தேன்.
நயினாதீவுக்குப் போகும் ஒருத்திக்கு
கையில் பூத்தட்டு வெட்டப்போய்
கையே போய்விட்டது.
அவளைத் தூணுக்குப் பின்னால் விட்டேன்.

ஸ்ரான்லி வீதியிலிருந்து
ஏழு தாளும் பின்னேரமே வந்துவிட்டன.
தளப்படத்தில் என் அம்புக்குறிகள்:
பஸ்ஸால் இறங்கு, சாய்தளம் ஏறு,
சீட்டு எடு, நிழலில் இரு, படகேறு.
ஒருவரோடொருவர் முட்டுப்படாத அழகான அம்புகள்.

இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் போனது.
ரோச் வெளிச்சத்தில் தேத்தண்ணி.
கடித்த பனங்கட்டியை எங்கே வைத்தேன் என்று தெரியாமல்
மேசையில் தலை சாய்த்தவள்
எழும்பியபோது
இறங்குதுறை நிரம்பிவிட்டிருந்தது.

எறும்புகள்.
ஒவ்வொன்றும் ஒரு பயணப்பை அளவு,
காகித ஆட்களின் காலுக்கிடையால்.
சாய்தளத்தில் ஒன்றுகூட இல்லை.
எல்லாம் வடகிழக்குச் சுவரடியில்,
களஞ்சிய அறை என்று நான் அடைத்த இடத்தில்,
மட்டைப் பொருத்தின் மயிரிழை நீக்கலால்
ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்து
நேரே படகடிக்கு.
பனங்கட்டி அங்கே கிடந்தது.

ஊதிவிடத்தான் வாயைக் குவித்தேன்.
போன மாதம் அளக்கப் போனபோது
மீன்பெட்டிக்காரரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும்
இப்படித்தான்,
உடைந்த வேலியால், குறுக்கே.
கொப்பியில் குறித்தும் வைத்தேன்.
பிறகு அந்த இடத்திலேயே சுவர் கீறினேன்.

பிளேட்டை எடுத்து வெட்டினேன்.
ஒன்றரைச் சென்ரிமீற்றர்,
மூன்று மீற்றர் அகல வாசல்.
தாள்களைத் திரும்ப அடிக்கக் காசில்லை.
படத்தில் சுவர், மாதிரியில் வாசல்.
எது சரி என்று நடுவர்கள் கேட்பார்கள்.
கேட்கட்டும்.

அடுத்த நாள் கொழும்பு பஸ்ஸில் இரண்டு சீற்.
“மற்ற ஆள் எங்கை?”
பொலித்தீனை விலக்கிக் காட்டினேன்.
கொண்டக்டர் குனிந்து பார்த்தார்.
“எங்கடை குறிகட்டுவானே? கக்கூஸ் இருக்கோ?”
“ஓம், இருக்கு.”
“தண்ணி?”
நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

ஓமந்தை தாண்ட,
எதிரே வந்த லொறியின் வெளிச்சம்
கூரைக் குச்சிகளுக்கிடையால் விழுந்து போனது.
கையில்லாதவளின் தூணடியில்
ஒரேயொரு எறும்பு,
இன்னும் படகு வரவில்லை என்பதுபோல்.