பாதி மழைக்கோட்டு

ஐப்பசி பிறந்து ஆறாம் நாள்
கண்டனூர் தாண்டி இரண்டாவது வளைவில்
பழைய கோட்டு அக்குளில் கிழிந்தது.
இருநூற்று ஐம்பது ரூபாய்க்கு
மூன்று மழை தாங்கியதே பெரிது.

விடிவதற்குள் புதுவயல் வீடுகளில் ரத்தம் எடுத்து
எட்டரைக்குள் காரைக்குடி லேபில் சேர்ப்பது என் பாடு.
கேரியரில் இருக்கும் ஐஸ் பெட்டிக்கு
நாலு மடிப்புத் தார்ப்பாய் உண்டு.
ஊராரின் வெறும் வயிற்றுச் சர்க்கரை
ஒரு சொட்டு நனையாமல் ஊர் போய்ச் சேரும்.
நான் அப்படிச் சேர்வதில்லை.

செக்காலை ரோட்டில் நைனா முகமது கடை.
முதலில் எடுத்துப் போட்டது
தலைவழி மாட்டும் போர்வை. முந்நூற்று இருபது.
சைக்கிளுக்கு ஆகாதண்ணே என்றேன்.
எதிர்க்காற்றில் அது பாய்மரம்,
நான் தோணி,
பின்னால் வருவதோ அறந்தாங்கி பஸ்.

அடுத்தது கண்ணாடியாய் மினுங்கியது.
கைப்பகுதியை வாயில் வைத்து ஊதிப் பார்த்தேன்.
பலூன்.
மிதிக்கிறவளுக்கு மழை வெளியே மட்டும் இல்லை.
நாலு கிலோமீட்டர் போனால்
உள்ளேயும் பிடித்துக்கொள்ளும்.
மோட்டார் பைக்காரர் யாரும்
இதையெல்லாம் கேட்டதில்லை என்று சிரித்தார்.

மூன்றாவது, கருநீலம்.
முதுகில் வெளிச்சப் பட்டை.
அக்குளில் மூச்சுவிடச் சிறு துளைகள்.
குனிந்து மிதித்தாலும் இடுப்பு காட்டாத நீளம்.
ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டேன்.
தோள் தையலைக் குழியாக்கி ஊற்றி
இருபது எண்ணினேன்.
நைனா முகமதுவும் கூடவே எண்ணினார், உதடசையாமல்.
கசியவில்லை.

கால்சட்டையோடு ஆயிரத்து நூறு.
என்னிடம் அறுநூற்று நாற்பது.

சட்டை மட்டும் கொடுங்கள்.
கால் நனைந்தால் காயும்,
கால்சட்டையைச் செயின் தின்னும்.
"செட்டை உடைச்சா
மிச்சப் பாதியை யார் தலையிலம்மா கட்டுறது?"

"என் இடுப்புல கட்டுங்க" என்றது வாசலில் ஒரு குரல்.
டீக் கேன் கட்டிய சைக்கிள்.
இறங்கியவர் தொடைவரை ஈரம்.
மேல் கோட்டு அவருக்கு நன்றாகவே இருக்கிறது,
சீட்டில் உரசி உரசி
கீழ்ப்பாதியின் நடுத்தையல்தான் போய்விட்டது.
செயினுக்கு?
கணுக்காலில் ரப்பர் பேண்டு என்றார்,
இதுகூடத் தெரியாதா என்கிற முகத்தோடு.

அட்டைப் பெட்டியின் முதுகில் கணக்கு நடந்தது.
தொப்பி என் பங்கில் வருவதால் எனக்குக் கூடுதல்.
பெரிய அளவு என்பதால் கொஞ்சம் குறைச்சல்;
என் தோள்கள் அதற்குள்
ஆளுக்கொரு அறை எடுத்துத் தங்கலாம்.
அறுநூற்று இருபது, நானூற்று எண்பது.
ஒரே பில்லில் இரண்டு பெயர்:
முத்துராக்கு, சட்டை. சந்தியாகு, கால்சட்டை.
கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு என்று
கடைப்பையன் சொல்லி ஒரு குட்டு வாங்கினான்.
மிச்சம் இருபதுக்குக் கேனிலிருந்து இரண்டு டீ,
எனக்கும் நைனா முகமதுவுக்கும்.
சுக்குத் தூக்கல்.

பிறகு கார்த்திகை.
ஆலைகளில் நெல் அவியும் வாடையை
மழை ரோட்டோடு சேர்த்து அமுக்கியிருந்த ஒரு காலை.
தொப்பி பக்கப் பார்வையை மறைக்க
காதை மட்டும் நம்பிப் போகிறேன்.
எதிரே ஒரு சைக்கிள் மணி.
மேலே பழைய பச்சை,
கீழே என் நீலம்
முழங்கால் முழங்காலாக ஏறி இறங்கி வருகிறது.
இரண்டு கணுக்காலிலும் ரப்பர் பேண்டு.

என்னை அறியாமல் கையை உயர்த்தினேன்.
அவரும்.

மணிக்கட்டில் புகுந்த தண்ணீர்
முழங்கையைத் தாண்டி
விலா வரை ஓடியது, ஐஸ் போல.

எல்லாவற்றையும் சோதித்தேன் கடையில்.
கைமுனை எலாஸ்டிக்கை
இழுத்தே பார்க்கவில்லை.