சில்லு

சீரகத்துக்கு ஏழு மாசம்.
அது படுக்கும் பழைய பனியனில் ரெண்டு சொட்டு.
துருக்கறை என்றுதான் முதலில் நினைத்தேன்.

நாலரைக் கிலோ டெரியர்.
தார்ப்பெட்டிக்குள் படுத்தால்
வால் மட்டும் வெளியே தெரியும்.

மறுநாள் விடிகையில் கேட்டுக்கு வெளியே ஐந்து கடுவன்.
காதறுந்த ஒன்று தறிச் சத்தத்துக்கும் அசையவில்லை,
வாரக்கூலிக்கு நிற்கிற ஆள் மாதிரி.

"வயசுக்கு வந்துருச்சுங்ளா?
மாமன் ஊட்டுக்குச் சொல்லி உட்டாச்சா?"
பால் ஊற்றியபடி அங்கமுத்து சிரித்தான்.
எனக்குப் பதினாறு என்று
பத்திரிகையில் யாரும் அச்சடிக்கவில்லை.

காலண்டரில் வட்டம் போட்டேன்.
அன்றைக்குச் சுபமுகூர்த்தம்.

அவிநாசியிலிருந்து ஈஸ்வரமூர்த்தி கூப்பிட்டார்.
"நம்ம கெடாவுக்குப் பேப்பர் இருக்குதுங்க.
பன்னெண்டாம் நாள் கொண்டாறேன்.
நாலு குட்டின்னா ஆளுக்கு ரெண்டு,
ஒண்ணு பதினெட்டாயிரம் போவும்."
நூல் விலை ஏறி
ரெண்டு தறி நின்றுகிடந்த மாதம் அது.
முப்பத்தாறாயிரத்தை
மனசுக்குள் கரண்ட் பில்லில் கழித்துப் பார்த்தேன்.
இரண்டு தடவை.

பல்லடத்தில் டாக்டர் தாட்சாயணி
கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்:
"சுமக்க முடியும்கிறது வேற,
சுமக்கலாம்கிறது வேறங்க.
அது எலும்பே இன்னும் வேலை முடிக்கல.
மூணாந்தடவை வரட்டும்.
அதுக்கு முந்தி கண்ணு, முட்டி பாக்கணும்,
அந்தக் கெடாவுக்கும்தான்.
குட்டி போற வீடு எதெதுன்னு
இப்பவே எழுதி வையுங்க."

இருபத்தோரு நாள் தறிக்கூடத்துக்குள் அடைத்தோம்.
கதவுக்கு அடியில் மூக்கை வைத்து
அழுதது, திட்டியது,
என் செருப்பில் ஒன்றைத் தின்றது.

ஒன்றே முக்கால் வயதில்
பின்னங்கால் முட்டியை டாக்டர் விரலால் தள்ளினார்.
சில்லு நகர்ந்தது,
ஊறின மொச்சை தோலுக்குள் நழுவுகிற மாதிரி.
"குட்டிகளுக்கும் இது போகும்" என்றார்.

ஓடும்போது நடுவில் ஒரு எட்டு
மூன்று காலில் துள்ளும் சீரகம்.
ஆட்டம் என்று நினைத்து
பதினோரு வீடியோ வைத்திருக்கிறேன்.

"வெளிய தெரியாதுங்க" என்றார் ஈஸ்வரமூர்த்தி.
"எனக்குத் தெரியுதுங்களே."
போனை வைத்த பிறகுதான் கை நடுங்கியது.

வயிற்றில் நாலு தையல், பத்து நாள் கழுத்துக்கூம்பு.
வீடுகளின் பட்டியல்
தறிக்கணக்கு நோட்டில் இன்னும் இருக்கிறது.
நாலாவது பெயர் அங்கமுத்து:
குட்டி விலையைப்
பால் காசில் கழித்துக்கொள்ளச் சொல்லியிருந்தான்.

காதறுந்தது மட்டும்
இப்போதும் சில விடியலில் வந்து உட்காரும்.
சீரகம் தார்ப்பெட்டியிலிருந்து
தலை தூக்கிப் பார்த்து
ஒரு குரைப்புக் குரைத்துவிட்டுத்
திரும்பவும் படுத்துக்கொள்ளும்.