எத்தனை பேர்

ஜூன் மாதம் எங்கள் வீட்டு மேற்குச் சுவர்
பேச ஆரம்பித்தது.

ஃபிரிட்ஜ் என்று நினைத்தோம்.
பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கவில்லை.
கீதிஸின் கட்டிலுக்குப் பின்னே
தூரத்து மாவுமில் ஓடுவதுபோல் ஒரு சத்தம்;
கை வைத்தால் வெதுவெதுப்பு,
காய்ச்சல் இறங்காத நெற்றி.

வெளியே, ஜன்னல் சட்டத்துக்குக் கீழே
பைன் பலகையில் ஒரு விரல் நுழையும் இடுக்கு.
போயின. வந்தன. போயின.
தெருவெங்கும் லிண்டன் மரங்கள் பூத்துத் தொலைத்திருந்தன.

கீதிஸுக்கு நாலு வயது.
போன கோடையில் ஒரு குளவி,
ஒரே ஒரு குளவி,
காதோரம் தொட்டதற்கு
உதெனா ஆஸ்பத்திரியில் இரண்டு இரவு.
அவசர ஊசி இன்னமும் செருப்பு அலமாரி மேல்
சாவிக்கொத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.
ஆகவே தௌத்வீதஸைத் திட்டிவிடாதீர்கள்.
அவன்தான் மருந்து டப்பா வாங்கி வந்தான்.
மூடியில் ஒரு தேனீ மல்லாந்து கிடந்தது,
ஆறு காலையும் மடக்கி.
படம் போட்டவர் அதற்குக் கண் வரையவில்லை.

ஒரே அழுத்து.
ஜன்னல் விளிம்பில் உதிர்ந்தன.
சில, இருந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி
முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தன.
அவனே டப்பாவைக் கீழே வைத்தான்.
"யாருக்காவது போன் பண்ணு" என்றான்,
கை கழுவிக்கொண்டே,
வெகுநேரம் கழுவிக்கொண்டே.

வைவா என்று ஒரு பெண்.
உதெனா – மொலேதாய் பேருந்து ஓட்டுகிறவள்.
கடைசி ட்ரிப் முடித்து வருவதாகச் சொன்னாள்.
போனை வைக்கும் முன் கேட்டாள்:
"எத்தனை பேர் இறந்தார்கள்?"

ஐயோ, யாரும் இல்லை, எல்லாரும் நலம்
என்று பதறினேன்.
மறுமுனை காத்திருந்தது.
பிறகுதான் உறைத்தது.
மாடு செத்தால் ஒரு சொல், மனிதர் இறந்தால் ஒரு சொல்
என்று பிரித்து வைத்த எங்கள் லிதுவேனிய மொழி
தேனீயை மட்டும்
நம் பக்கத்துப் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறது.
பள்ளியில் படித்தது. பரீட்சையோடு போனது.
ஜன்னலுக்குப் போய் எண்ணினேன்.
"முப்பத்தோரு பேர்" என்றேன்.

கீதிஸ் என் தங்கை வீட்டுக்குப் போனான்.
சீருடைச் சட்டைக்கு மேலேயே வலைத்தொப்பி மாட்டி
வைவா நான்கு பலகைகளைக் கழற்றினாள்,
ஆணிகளை ஒரு காபிக் கோப்பையில் போட்டாள்.
உள்ளே ஏழு அடைகள்.
எங்கள் வால்பேப்பருக்கு இரண்டு அங்குலம் பின்னால்
இன்னொரு குடும்பம்
அறை அறையாய்ப் பிள்ளைகளைப் படுக்க வைத்திருந்தது.

அடையை அறுத்து, ரப்பர் வளையம் போட்டு,
சட்டங்களில் நிறுத்திப் பெட்டிக்குள் இறக்கினாள்.
அரசியைத் தலைமுடிக் கிளிப் அளவே இருந்த
ஒரு கூண்டில் பிடித்தாள்.
மற்றவர்கள் பின்னாலேயே நடந்து போனார்கள்,
வரிசை என்று சொல்ல முடியாது,
சந்தை கலைந்து பாலம் கடக்கிற கூட்டம்.
பணம் நீட்டினேன்.
"இடுக்கை நன்றாக அடையுங்கள்" என்றாள்.
இருட்டியபின் பெட்டி போயிற்று.

மறுநாள் காலை வந்தார்கள்,
வெகுதூரம் போய் நேரமாகி
எங்கோ ஒரு பூவடியில் இரவைக் கழித்தவர்கள்.
புதுப் பலகையில் முட்டி முட்டி நின்றார்கள்.
முகவரி சரிதான்.

தௌத்வீதஸ் வேலைக்கு லீவு சொன்னான்.
காலியான வெள்ளரி ஊறுகாய்ப் புட்டி,
பழைய கிறிஸ்துமஸ் வாழ்த்தட்டை,
இரண்டோடும் பதினோரு மணிவரை ஏணியில் நின்றான்.
கொட்டு வாங்கியதைச் சொல்லவில்லை.
மூக்கு சொன்னது.

பதினொன்று நாற்பது வண்டி.
மூடியில் ஆணித்துளை போட்ட புட்டியோடு ஏறி
ஒரு டிக்கெட் கேட்டானாம்.
வைவா அவனையும் புட்டியையும் பார்த்து
"எத்தனை பேர்?" என்றாளாம்.

எண்ண முடியவில்லை, என்றானாம்,
அசைந்துகொண்டே இருக்கிறார்கள்.